நினைவுத் தூணில் அவர் பெயரையும் பொறியுங்கள்

தீயணைப்புத் துறை உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். எங்களோடு தீயணைப்பு வீரராக இருந்த எங்கள் அண்ணன் புற்றுநோயால் மறைந்ததும், நினைவுத் தூணில் அவர் பெயரைப் பொறிக்கக் கேட்டு அண்ணி மனு கொடுத்ததும் உங்களுக்குத் தெரியும். போன வாரம் அதற்கு நீங்கள் அனுப்பிய பதிலைப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

'பணியின்போது இறந்தவர்' என்ற வரையறைக்குள் அவர் வரமாட்டாராம். மேல்முறையீட்டுக்கு ஒரு படிவமும் இணைத்திருக்கிறீர்கள். அதில் ஒரு கட்டம்: 'பாதிப்பு ஏற்படக் காரணமான தீ விபத்தின் தேதி, இடம்.' அண்ணி அதை என்னிடம் நீட்டி, "தம்பி, இதுல எந்தத் தேதியைப் போடறது? நீங்கதானே கூட இருந்தீங்க" என்று கேட்டார்.

எதைச் சொல்வது? டயர் குவியலையா, ரசாயனக் கிடங்கையா? தீ அடங்கிய பிறகும் வேலை முடியாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தணலைக் கிளறிக் கிளறித் தண்ணீர் அடிக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் பலரும் மூச்சுக் கருவியைக் கழற்றுவோம். சிலிண்டர் தீர்ந்திருக்கும், புகையும் குறைந்ததுபோலத் தோன்றும். எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டு அண்ணன் கடைசி ஆளாக நிற்பார். முகத்துக் கரி கழுவினால் போய்விடும். கழுத்து மடிப்பில் படிந்தது மறுநாளும் அப்படியே இருக்கும். அந்தக் கரியில் உள்ள நஞ்சு மூச்சு வழியாக மட்டுமல்ல, தோல் வழியாகவும் உள்ளே போகும். மாற்று உடை கேட்டு நாங்கள் எழுதிய கடிதங்கள் எந்தக் கோப்பில் தூங்குகின்றனவோ!

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் தீயணைப்புப் பணியையே புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. போதிய சான்று இருப்பதாக அது சொன்ன நோய்கள் இரண்டு: மீசோதீலியோமா (பெரும்பாலும் நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய்), சிறுநீர்ப்பைப் புற்றுநோய். அண்ணனுக்கு வந்தது இரண்டாவது. ஒரே ஒரு தீயைச் சுட்டிக்காட்டச் சொல்லி முகமை யாரையும் கேட்கவில்லை.

நியூயார்க்கைப் பாருங்கள். 2001 செப்டம்பர் 11 அன்று இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டபோது அந்நகரத் தீயணைப்புத் துறையில் 343 பேர் இறந்தார்கள். அங்கே சுவாசித்த புழுதியால் நோயுற்றுப் பின்னாளில் இறந்தவர்களின் எண்ணிக்கையும் 2023-இல் 343-ஐத் தொட்டுவிட்டது. அவர்களுடைய பெயர்களையும் அந்தத் துறை தன் நினைவுச் சுவரில் ஏற்றுகிறது. அதனால் அன்றே மாண்டவர்களின் பெருமை ஒன்றும் குறைந்துவிடவில்லை.

தீக்குள் போனபோதெல்லாம் ரசீது வாங்கி வைக்காதது எங்கள் தப்புதான், ஐயா. ஆண்டுதோறும் தீத்தொண்டு நாளான ஏப்ரல் 14 அன்று மலர்வளையம் வைத்து, 'உயிரைத் துச்சமென மதித்தவர்கள்' என்று பேசுகிறீர்களே, அந்தப் பேச்சுக்கு மட்டும் எந்தப் படிவமும் தேவைப்படுவதில்லை. விழாவுக்கு வண்டிகளுக்கெல்லாம் புது பெயின்ட் அடிக்கப் பணம் இருக்கிறது. கரி படிந்த உடைகளைத் துவைக்க நிலையத்தில் ஓர் இயந்திரம் இல்லை. அதே உடையை வீட்டுக்குக் கொண்டுபோய், பிள்ளைகளின் துணியோடு சேர்த்து அலசுகிறோம். சரி, அதை இன்னொரு மடலில் வைத்துக்கொள்கிறேன்.

நாங்கள் இப்போது கேட்பது இழப்பீடு அல்ல. அண்ணன் பெயர் தூணில் ஏற வேண்டும். பணியால் வந்த நோயில் இறந்தவர்களும் அந்த வரையறைக்குள் வர வேண்டும்; அவர் ஒருவர் மட்டும் அல்ல. படிவத்திலிருந்து அந்தக் கட்டத்தையும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். வேறெந்த வீட்டிலும் அதை யாரும் நிரப்ப உட்கார வேண்டாம்.

அண்ணி படிவத்தை நிரப்பாமலே திருப்பி அனுப்புகிறார். அவருடைய ஒப்புதலோடு எழுதிய இந்த மடலையே மேல்முறையீடாக ஏற்று, எழுத்தில் பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அவரோடு பணியாற்றிய ஒரு தீயணைப்பு வீரர்