குரைப்புக்கு வரைபடம் போட்டவனுக்கு

அன்புள்ள குமார்,

உன் கடிதமும் கூடவே அனுப்பிய வரைபடமும் கிடைத்தன. நாய் வந்து கொஞ்ச நாளிலேயே அது எப்போது, எவ்வளவு சத்தமாகக் குரைக்கிறது என்று மைக் வைத்துப் பதிவுசெய்து கோடு போட்டு அனுப்ப உன்னால்தான் முடியும், எனக்கு அது ரொம்பவே பிடித்திருந்தது. நிறைய பேர் "நாள் முழுக்கக் கத்துகிறது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு வழி கேட்பார்கள். உன் படத்தைப் பார்த்தால் நாள் முழுக்கவெல்லாம் இல்லை, நீ கதவைச் சாத்திய முதல் அரை மணி நேரத்துக்குள்தான் கிட்டத்தட்ட எல்லாமே இருக்கிறது. பொழுது போகாமல் குரைக்கிற நாய் பெரும்பாலும் இப்படிச் செய்யாது. தனியாக விடப்பட்டதும் பயந்துபோகிற நாய்தான் இப்படிக் குரைக்கும்.

அதனால், குரைத்தால் ஷாக் அடிக்கும் கழுத்துப்பட்டை வாங்கலாமா என்று கேட்டிருந்தாயே, அதை மட்டும் தயவுசெய்து வாங்காதே. தீப்பிடித்த வீட்டில் அலாரம் ஒயரைப் பிடுங்குகிற வேலை அது. குரைப்பு நிற்கலாம், உன் கோடும் தட்டையாகிவிடும், பிரச்சினை தீர்ந்தது என்று நீயும் நினைத்துக்கொள்வாய், ஆனால் பயம் அப்படியே இருக்கும், அதோடு வலியும் சேர்ந்து கதவைப் பிறாண்டுவது, காலை நக்கி நக்கிப் புண்ணாக்குவது என்று வேறு பக்கமாக வெளியே வரலாம். வேலையில் ஒரு பிழை வந்தால் எர்ரர் மெசேஜை மறைத்துவிட்டு சரிசெய்துவிட்டேன் என்று சொல்கிற ஆள் நீ இல்லையே.

செய்ய வேண்டியது மெதுவான வேலை. சாவியை எடு, செருப்பைப் போடு, போகாமல் திரும்ப உட்கார். அந்தச் சத்தங்களுக்கும் நீ போவதற்கும் உள்ள தொடர்பு நாயின் மனதில் தளர வேண்டும். அப்புறம் கதவுக்கு வெளியே சில நொடிகள் மட்டும் போய்விட்டு, அது பதறத் தொடங்குவதற்கு முன்பே உள்ளே வா. பதறாமல் இருந்தால் நேரத்தை இன்னும் கொஞ்சம் நீட்டு, பதறினால் குறைத்துக்கொள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயத்தை மாற்று, இதை நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தப் பயிற்சி நடக்கிற காலத்தில் நீண்ட நேரம் தனியே விடாமல் யாரையாவது வீட்டில் இருக்கச் சொல், இல்லாவிட்டால் சேர்த்ததெல்லாம் ஒரே நாளில் கரைந்துவிடும். பயம் ரொம்ப அதிகமாக இருந்தால் கால்நடை மருத்துவரிடம் பேசு. பயிற்சியோடு சேர்த்துக் கொடுக்க மருந்துகள் இருக்கின்றன, ஃப்ளூவாக்ஸெடினுக்கு நாய்களின் இதே பிரச்சினைக்காக அமெரிக்காவில் 2007லேயே அனுமதி கிடைத்துவிட்டது.

நீ செய்துகொண்டிருக்கிற தானியங்கி உணவுப் பெட்டி பற்றி. செய், தடுக்கவில்லை, ஆனால் உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க அல்ட்ராசோனிக் சென்சார் வைப்பதாக எழுதியிருந்தாயே, அதை மாற்று. அந்த வகை சென்சார் ஒலியை அனுப்பி அது திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கிறது, அந்த ஒலி பொதுவாக 40,000 ஹெர்ட்ஸில் இருக்கும். நமக்கு 20,000க்கு மேல் எதுவும் கேட்காது, நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை கேட்கும். ஏற்கெனவே பயந்த நாய், சாப்பிடும் இடத்தில் விடாமல் ஒரு சத்தம் எதற்கு? லோடு செல், அதாவது எடையை அளக்கும் சென்சார் வைத்து எடை போடு, அதுதான் துல்லியமும்கூட.

எவ்வளவு சாப்பாடு என்று கேட்டிருந்தாய். எடையைக் கிலோவில் எடுத்து 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70ஆல் பெருக்கினால் சும்மா படுத்திருக்கும்போது ஒரு நாளைக்குத் தேவையான கலோரி வரும். 10 கிலோ நாய்க்கு ஏறத்தாழ 394, 20 கிலோ நாய்க்கு 662. எடை இரட்டித்தால் சாப்பாடு இரட்டிக்காது, பெரிய நாய்கள் குண்டாவதற்கு இந்தக் கணக்குத் தெரியாததும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு அதை 1.6ஆல் பெருக்கி ஆரம்பிப்பார்கள். ஆரம்பிக்க மட்டும்தான், ஏனென்றால் ஒரே எடையுள்ள இரண்டு நாய்களுக்கே தேவை நிறைய மாறும். விலா எலும்பைத் தடவிப் பார், அழுத்தாமலே கைக்குத் தட்டுப்பட வேண்டும். ஃபார்முலாவும் கையும் வேறு வேறு சொன்னால் கையை நம்பு.

உன் அம்மா எப்போதாவது ஒரு வாய் தன் தட்டிலிருந்து கொடுக்கிறார் என்றாய். தினமும் கொடுப்பதைவிட இந்த "எப்போதாவது"தான் பழக்கத்தை இறுக்குகிறது, உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்து இதைத்தான் காட்டினார். நிறுத்துவதென்றால் வீட்டில் எல்லோரும் ஒன்றாக நிறுத்த வேண்டும். முதலில் கெஞ்சல் குறையாது, கூடும். அந்த நேரத்தில் இரக்கப்பட்டு ஒரு வாய் கொடுத்தால் இன்னும் சத்தமாகக் கேட்டால் கிடைக்கும் என்று அதற்குப் பாடமாகிவிடும்.

எனக்கு உடன்பாடில்லாத ஒன்று, நடையை நீ கிலோமீட்டரில் கணக்கு வைப்பது. நம்மைப் போன்றவர்கள் அளக்க எளிதானதை அளந்துவிட்டு அதுவே முக்கியம் என்று நம்பத் தொடங்கிவிடுகிறோம், வேலையிலும் இதைப் பார்த்திருக்கிறேன். நாய்க்கு நடை என்பது மூக்குக்கான நேரம். ஒரே கம்பத்தை நின்று மோந்துகொண்டிருந்தால் பெல்ட்டை இழுக்காதே, தூரம் பாதியானாலும் பரவாயில்லை.

இங்கே எல்லோரும் நலம். வேலை மாறிவிட்டேன், நடுராத்திரியில் போன் அடித்து சர்வரைப் பார்க்கச் சொல்கிற பிழைப்பு முடிந்தது. எங்கள் நாய் மணிக்கு வயதாகிவிட்டது, இதயத்தில் லேசான முணுமுணுப்புச் சத்தம் இருப்பதாக டாக்டர் சொன்னார். அதனால் அவன் தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிக் குறித்துவைக்கிறேன். 30க்குக் கீழேயே இருந்தால் கவலையில்லை, தொடர்ந்து தாண்டினால் உடனே கூட்டிக்கொண்டு போக வேண்டும். இந்த ஒரு எண்ணை நான் விடாமல் அளக்கிறேன்.

அடுத்த தடவை ஒலிக்குப் பதிலாக வீடியோ எடுத்து அனுப்பு, நீ கிளம்பின பிறகு முதல் பத்து நிமிடம் போதும். காதைப் பின்னால் மடக்குகிறதா, உதட்டை நக்குகிறதா, தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடுகிறதா, வெயில் இல்லாமலே மூச்சு வாங்குகிறதா, இதெல்லாம் மைக்கில் வராது. பார்த்துவிட்டு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று எழுதுகிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்