பஸ்ரா வீட்டுச் சாப்பர்

ஆசிரியருக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் தமிழ்ச் சிப்பாய்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1944 பிப்ரவரியில் இத்தாலியில் கண்ணிவெடி மேல் பாய்ந்து விழுந்து, தன் உயிரைக் கொடுத்துக் கூட இருந்தவர்களைக் காப்பாற்றிய சுபேதார் சுப்பிரமணியனைப் பற்றி எழுதியிருந்தது மனசுக்கு நிறைவாக இருந்தது. அவர் இருந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில்தான் என் அப்பாவும் இருந்தார். சாப்பர் என்றால் பாலம் கட்டுவது, வெடி வைப்பது போன்ற வேலை பார்க்கும் சிப்பாய். ஆனால் உயிரோடு ஊர் திரும்பியவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள் என்று கட்டுரையில் ஒரு வரி கூட இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றி நான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வேலூர் பக்கம், கம்மவான்பேட்டைக்குக் கிட்டே. பட்டாளத்துக்குப் போனவர்கள் அவ்வளவு பேர் என்பதால் அந்த ஊருக்கே ராணுவப்பேட்டை என்று பெயர் உண்டு. எங்கள் வீட்டை ‘பஸ்ரா வீடு’ என்பார்கள். முதல் உலகப் போரில் தாத்தா பஸ்ரா இருக்கும் மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்கு, போய் வந்தவர். இரண்டு காணி மானாவாரி நிலம், மழை பெய்தால் மல்லாட்டை, பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. அந்த வீட்டுக்குப் பட்டாளம் என்றால் மாதாமாதம் வரும் மணியார்டர். வீரம் என்ற பேச்சையெல்லாம் நான் பள்ளிக்கூடப் புத்தகத்தில்தான் படித்தேன்.

அப்பா 1941இல் பெங்களூர் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து பர்மா. சண்டையைப் பற்றி அதிகம் பேசமாட்டார். பாலத்தைப் பற்றிக் கேட்டால் நிறுத்தமாட்டார். பெய்லி பாலம் என்பது இரும்புச் சட்டங்களைக் கோத்துச் சீக்கிரமாகப் போடுகிற ராணுவப் பாலம். அதன் ஒரு சட்டம், பேனல் என்பார்கள், 10 அடி நீளம், 5 அடி உயரம், கால் டன்னுக்கு மேல் எடை. ஆறு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். ஒருவன் குள்ளமாக இருந்தால் அவன் பங்குச் சுமையும் பக்கத்தில் இருப்பவன் தோளில் இறங்கும். அப்பா நெட்டை. கடைசி வரை அவருடைய வலது தோள் இடதைவிடக் கொஞ்சம் இறங்கியே இருந்தது. 1944 டிசம்பரில் பர்மாவின் கலேவாவில் சிண்ட்வின் ஆற்றுக்குக் குறுக்கே போட்ட 1,154 அடி பாலம் அந்தக் காலத்தில் உலகத்திலேயே நீளமான பெய்லி பாலம். “அதைக் கட்டினது நாங்க இல்லம்மா, லாரியில அது மேல போனோம்” என்று ஒவ்வொரு முறையும் திருத்துவார்.

மலேரியாவுக்காகத் தினமும் மெபாக்ரின் மாத்திரை. அதைத் தின்று தின்று உடம்பே மஞ்சளாகிவிடும். 1945இல் லீவில் வந்தவர் அதே நிறத்தோடு அம்மாவைப் பெண் பார்க்கப் போயிருக்கிறார். மாப்பிள்ளைக்கு மஞ்சள் காமாலை என்று தாய்மாமன் எழுந்தே போய்விட்டாராம். மூன்று மாதம் கழித்து, நிறம் தெளிந்த பிறகுதான் தாம்பூலம் மாற்றினார்கள்.

1946இல் படையைக் குறைத்தபோது அனுப்பிவிட்டார்கள். சர்வீஸ் போதாது, பென்ஷன் கிடையாது. சரி, கற்ற தொழில் கைவிடவில்லை. வடஆற்காட்டுப் பாறையில் கிணறு வெட்ட வெடி வைக்கத் தெரிந்த ஆள் வேண்டுமே! ஒன்பது வருஷம் ஊர் ஊராகப் போய் வெடி வைத்தார். எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் தண்ணீர் ஊறுகிற மூன்று கிணறுகள் அவர் கைப்பட்டவை.

பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955 அக்டோபர் 2இல் திறந்தது. அடுத்த வருஷம் அப்பா அங்கே வெல்டராகச் சேர்ந்தார். முதலில் அங்கே பெட்டியின் கூடு மட்டும்தான் செய்தார்கள். உள்ளே இருக்கை, விளக்கு எல்லாம் பொருத்தும் பிரிவு 1962இல்தான் வந்தது. 1980இல் ஓய்வு பெறும் வரை அதே தொழிற்சாலை. காட்பாடி ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றால் நாங்கள் இடம் பிடிக்க ஓடுவோம். அவர் மட்டும் பெட்டியின் கோடிக்குப் போய், அங்கே அடித்திருக்கும் பட்டயத்தில் வருஷம் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். தன் வருஷமாக இருந்தால் கையால் ஒரு தட்டுத் தட்டுவார், மாட்டைத் தட்டுகிற மாதிரி.

அப்பா போய் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. டிரங்குப் பெட்டியில் பர்மா ஸ்டார் பதக்கமும் டிஸ்சார்ஜ் காகிதமும் இருக்கின்றன. காகிதத்தில் அவர் இருந்த கம்பெனியின், அதாவது படைப்பிரிவின், எண் இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. எந்தக் கம்பெனி என்று அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். பர்மா போன சாப்பர் யார் வீட்டிலாவது கம்பெனிக் குழுப் படம் இருந்தால் உங்கள் அலுவலகத்துக்கு ஒரு நகல் அனுப்பச் சொல்லுங்கள். பின்வரிசையில் நெட்டையாக, வலது தோள் இறங்கி ஒருவர் நின்றால் அவர் என் அப்பாவாக இருக்கலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
காட்பாடி