பையனுக்கு ஜாமீன் கிடைத்துவிடுகிறது, பறிகொடுத்தவருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்போன் பறிப்பிலோ பைக் திருட்டிலோ பதினாறு, பதினேழு வயதுப் பையன் பிடிபட்டால், 'ரெண்டே நாளில் வெளியே வந்துடுறான்' என்ற புலம்பலும் கூடவே வருகிறது. வருவது உண்மைதான். சிறாருக்கு ஜாமீன் தருவதே விதி, மறுப்பது விலக்கு. வந்தவன் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யாரும் தீர்மானிக்காமல் விடுவதில்தான் கோளாறு.

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 18ஆம் பிரிவு அறிவுரை, குழு ஆலோசனை, சமூக சேவை, அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பு என்று வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் சிறாரைத் தங்கவைத்துத் திருத்தும் சிறப்பு இல்லத்துக்கு வருகிறது. பூங்காவைச் சுத்தம் செய்வது, மருத்துவமனையில் உதவுவது போன்ற வேலைகளை 14 வயதைத் தாண்டியவர்களுக்குத் தரலாம் என்கின்றன விதிகள். நல்லதுதான். ஆனால் பறிகொடுத்தவர் இந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

கனடாவின் எல்மைரா ஊரில் 1974இல் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 இடங்களில் சேதம் செய்தார்கள். நன்னடத்தை அலுவலர் அவர்களை வீடு வீடாக அழைத்துப்போய், நேரில் பேசி நஷ்டத்தைக் கட்ட வைத்தார். நியூசிலாந்து 1989இல் இதைச் சட்டமாக்கியது. அங்கே பையன் குற்றத்தை மறுக்காவிட்டால், குடும்பமும் பாதிக்கப்பட்டவரும் போலீசும் ஒன்றாக உட்கார்ந்து பேசிய பிறகே நீதிமன்றம் முடிவெடுக்கும். இடையில் அதிகாரிகள் எழுந்து வெளியே போய்விட, குடும்பம் தனியாகப் பேசித் திட்டம் போடும். சீராக்க நீதி என்பது இதைத்தான்.

இங்கும் செய்யலாம், அவசரப்படாமல். சந்திப்பு ஒன்றரை மணி நேரம் என்றால் தயாரிப்பு பல நாள். நடத்துபவர் போலீசாகவோ, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் உறுப்பினராகவோ இருக்கக் கூடாது. முதலில் பையனைத் தனியாக இரண்டு மூன்று முறை பார்க்க வேண்டும். 'ஏன் செய்தாய்' என்று கேட்டால் கற்றுவைத்த பதில்தான் வரும். 'இதனால் யார் யாருக்கு என்ன ஆச்சு?' என்று கேளுங்கள். அவன் மறுத்தால் அதோடு நிறுத்திவிட்டு விசாரணைக்கு விட்டுவிட வேண்டும். பேசியதை அவனுக்கு எதிராகப் பயன்படுத்துவதில்லை என்ற உறுதி எழுத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து, பறிகொடுத்தவர். வர மறுக்க அவருக்கு முழு உரிமை உண்டு என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும். வர விரும்பாதவர் கடிதம் தரலாம், வேறொருவரை அனுப்பலாம். இடம், நேரம், யார் முதலில் பேசுவது எல்லாம் அவர் விருப்பம். காவல் நிலையம் மட்டும் வேண்டாம்.

ஒப்பந்தம் ஒரு பக்கத்துக்குள், தொகையும் தேதியும் போட்டு இருக்கட்டும். போன் 12,000 ரூபாய் என்றால் 9,000 அப்பா தரலாம். மீதி 3,000 பையன் பொறுப்பு, மாதம் ஆயிரமாக மூன்று தவணை. அப்பாவே மொத்தத்தையும் கட்டிவிட்டால் பையனுக்கு அதில் வேலையே இல்லை. 'இனி ஒழுங்காக இருப்பேன்' என்பதெல்லாம் ஒப்பந்தம் ஆகாது, அதை யாரும் சரிபார்க்க முடியாது. ஒவ்வொரு தவணையையும் சரிபார்க்க ஓர் ஆள் வேண்டும்.

பெரும்பாலும் கெடுவது ஓர் இடத்தில்தான்: காலில் விழ வைப்பது. பத்துப் பேர் பார்க்க விழுந்தவன் அவமானத்தோடு எழுந்திருப்பான், வருத்தத்தோடு அல்ல. பெரிய மனிதர்கள் கூடி இரு தரப்பிடமும் கையெழுத்து வாங்குவதும் இதுவல்ல. அதற்குக் கட்டப்பஞ்சாயத்து என்று பெயர். 2023இல் நாங்குநேரியில் பார்த்தது போன்ற சாதி வன்முறையில் இரு தரப்பின் பலமும் சமம் இல்லை. அங்கே 'பேசித் தீர்ப்பது' பாதிக்கப்பட்டவர் மீது இன்னொரு அழுத்தமாகிவிடும். பாலியல் குற்றங்களையும் இதில் கொண்டுவரக் கூடாது.

நேரமும் குறைவு. பையனின் குடும்பச் சூழலைச் சொல்லும் சமூக விசாரணை அறிக்கைக்கு 15 நாள், விசாரணைக்கு 4 மாதம், நீட்டித்தால் இன்னும் 2 மாதம். சிறு குற்றங்களில் அதற்குள் முடியாவிட்டால் வழக்கே முடிந்துவிடும். சாதாரணப் பறிப்பும் சாதாரணத் திருட்டும் பெரும்பாலும் இந்த வகைதான். ஆகவே நன்னடத்தை அலுவலர் அறிக்கைக்காகப் பையனின் வீட்டுக்குப் போகும் அந்த வாரத்திலேயே பறிகொடுத்தவரையும் பார்க்கக் குழுமங்கள் உத்தரவிட வேண்டும்.

பத்திரிகைகளிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. பெயர், முகவரி, பள்ளி என்று சிறாரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதை 74ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பணத்தைக் கட்டி முடித்தவன் திரும்ப உட்கார வேண்டியது அதே வகுப்பறையில்தான். முகத்தை மங்கலாக்கிவிட்டு, கீழே தெருப் பெயரையும் அப்பாவின் தொழிலையும் அச்சிட்டால் அந்தத் தெருவில் யாருக்குத் தெரியாமல் போகும்?

இப்படிக்கு,
சிறார் நலப் பணியாளர்,
மதுரை