சுனில் சேத்ரிக்குப் பின் கோல் அடிக்கப்போவது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2027 ஆசியக் கோப்பைக்கு இந்தியக் கால்பந்து அணி தகுதி பெறாமல் போனது குறித்துத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நிர்வாகக் குளறுபடி, பயிற்சியாளர் மாற்றம் என்று அதில் சொல்லப்பட்ட காரணங்களில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால், நம் அணியில் கோல் அடிக்க ஆள் இல்லை என்ற அடிப்படைக் குறை அதில் பேசப்படவே இல்லை. பள்ளி மாணவர்களுக்கு முப்பது ஆண்டுகள் கால்பந்து கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில் அதைப் பற்றி எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன்.

2024 ஜூன் 6 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் குவைத்துக்கு எதிராக விளையாடிவிட்டு இந்திய அணித் தலைவர் சுனில் சேத்ரி கண்ணீருடன் விடைபெற்றார். 151 ஆட்டங்கள், 94 கோல்கள். சர்வதேச அளவில் ஆடவர் கால்பந்தில் ரொனால்டோ, மெஸ்ஸி, ஈரானின் அலி தாயி ஆகிய மூவர் மட்டுமே அவருக்கு முன்னால் இருந்தார்கள். அந்த ஆண்டு முழுவதும் இந்திய அணி ஒரு வெற்றிகூடப் பெறவில்லை. மறு ஆண்டு மார்ச் மாதம், நாற்பது வயதைக் கடந்துவிட்ட அவரையே திரும்ப அழைத்தார்கள். ஷில்லாங்கில் மாலத்தீவுகளை 3-0 என்று வென்ற ஆட்டத்தில் அவரும் தலையால் முட்டி ஒரு கோல் அடித்தார். அன்று கைதட்டியவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்த மகிழ்ச்சிக்குள்ளேயே ஒரு வேதனையும் இருந்தது.

சேத்ரி ஒன்றும் நம் கால்பந்து அமைப்பு திட்டமிட்டு வளர்த்தெடுத்த வீரர் அல்லர். ராணுவத்தில் பணியாற்றிய தந்தைக்கு மாற்றல் வரும் இடமெல்லாம் வளர்ந்தவர். தாயார் நேபாள மகளிர் அணிக்கு ஆடியவர். 2002-இல் கொல்கத்தாவின் மோகன் பகான் அணியில் தொடங்கியவர், 2005-இல் பாகிஸ்தானின் குவெட்டாவில் இந்தியாவுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தார். 2008-இல் டெல்லி அம்பேத்கர் மைதானத்தில் தஜிகிஸ்தானுக்கு எதிரான ஏ.எஃப்.சி. சேலஞ்ச் கோப்பை இறுதியாட்டத்தில் அவர் அடித்த மூன்று கோல்கள்தாம், 27 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவை ஆசியக் கோப்பைக்குக் கொண்டுசென்றன. அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்ய முன்வந்தது. உலகத் தரவரிசையில் இந்தியா முதல் எழுபது இடங்களுக்குள் இல்லை என்று கூறி அந்நாட்டு அரசு பணி அனுமதியை மறுத்துவிட்டது. அவருடைய திறமையில் எவரும் குறை காணவில்லை. அவர் பிறந்த நாட்டின் கால்பந்து பின்தங்கியிருந்ததற்கு அவர் விலை கொடுத்தார். பின்னர் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டிக்கும் போர்ச்சுகலின் லிஸ்பனுக்கும் ஆடச் சென்றும் அங்கே போதிய வாய்ப்புக் கிடைக்காமல் திரும்பினார்.

இப்போது உள்நாட்டு நிலவரத்துக்கு வருகிறேன். 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடர் தொடங்கியபோது ஓர் அணி ஆறு வெளிநாட்டு வீரர்களைக் களமிறக்கலாம் என்று இருந்தது. அந்த எண்ணிக்கை பின்னர் ஐந்தாகவும், 2021-22 முதல் நான்காகவும் குறைக்கப்பட்டது. எண்ணிக்கை குறைந்தாலும், அந்த நால்வரில் ஒருவர் நடுமுனையில் (சென்டர் ஃபார்வர்டாக) நின்று கோல் அடிப்பவராக இருப்பது ஏறத்தாழ எழுதப்படாத விதியாகவே இருந்துவருகிறது. 2024-25 வரை நடந்த பதினொரு தொடர்களில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை ஓர் இந்தியர்கூடப் பெற்றதில்லை. எலானோ, மெண்டோசா, வால்ஸ்கிஸ் என்று நம் சென்னையின் எஃப்.சி. வீரர்களும் அதை வென்றிருக்கிறார்கள். அவர்களுக்காக நானும் நேரு மைதானத்தில் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். அவர்கள் வந்ததே தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெங்களூரு அணியில் வெனிசுவேலாவின் மிக்கு நடுவில் ஆடியபோது, சேத்ரியே இடதுபக்கம் ஒதுங்கி ஆட வேண்டியிருந்தது. அவருக்கே அந்த நிலை என்றால், பதினெட்டு வயதுப் பையனுக்கு அந்த இடத்தை யார் கொடுக்கப்போகிறார்கள்?

என் மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். பதினான்கு வயதிலேயே, பந்து தன்னிடம் வருவதற்கு முன் ஒருமுறை தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்துக்கொள்வான். தடுப்பாட்டக்காரன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று தெரிந்ததும், முதல் தொடுதலிலேயே பந்தை மறுபக்கம் தள்ளிவிட்டு உதைப்பான். அதை யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. ஒரு பயிற்சி மையம் அவனைத் தேர்ந்தெடுத்தபோது எங்கள் தெருவே கொண்டாடியது. அங்கே அவனை வலதுபக்கத் தடுப்பாட்டத்துக்கு மாற்றினார்கள். “ஃபார்வர்டா ஆடினா பெரிய டீம்ல எடம் கிடைக்காதாம் சார், அதுக்கு ஃபாரினர்ஸ் இருக்காங்களாம்” என்று அவன் சொன்னபோது என்னிடம் பதில் இல்லை. ஒரு பையனின் எதிர்காலத்தை நினைத்து அவர்கள் எடுத்த முடிவு அது. அந்தக் கணக்கில் தவறும் இல்லை. ஆனால் நாடெங்கும் இதே கணக்கைப் போட்டால் இந்திய அணிக்குக் கோல் அடிப்பவன் எங்கிருந்து வருவான்?

கோல் அடிக்கும் கலை பயிற்சியால் மட்டும் வருவதன்று. ஆட்டத்தில் வாய்ப்புகளைத் தவறவிட்டுத் தவறவிட்டுத்தான் வரும். எனவே மாநில லீக் ஆட்டங்களிலும் மேம்பாட்டுத் தொடர்களிலுமாவது, நடுமுனை ஆட்டக்காரர் இருபத்தொரு வயதுக்கு உட்பட்ட இந்தியராக இருக்க வேண்டும் என்று அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஒரு விதி வகுக்கலாம். அவன் பத்து வாய்ப்புகளைக் கோட்டைவிட்டாலும் பதினோராவது ஆட்டத்தில் அவனையே இறக்குகிற பொறுமை பயிற்சியாளர்களுக்கு வேண்டும்.

தங்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மாவட்ட அளவிலான பள்ளி ஆட்டங்களின் முடிவுகளைத் தங்கள் நாளிதழ் தவறாமல் வெளியிடுகிறது. ஆனால் 2-1, 3-0 என்ற எண்களோடு செய்தி முடிந்துவிடுகிறது. கோல் அடித்த மாணவர்களின் பெயர்களையும் அந்த ஒற்றை வரியில் சேர்த்து அச்சிட அன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
வியாசர்பாடி, சென்னை.