93 விழுக்காடு என்னும் தவறான கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான நேர்முகத் தேர்வு பற்றிய கட்டுரை, ஒருவர் தெரிவிக்கும் செய்தியில் சொற்களின் பங்கு 7 விழுக்காடுதான் என்றும், எஞ்சிய 93 விழுக்காட்டில் குரலுக்கு 38, முகத்துக்கும் உடலசைவுக்கும் 55 என்றும் கூறியிருந்தது. இந்தக் கணக்கைப் பயிற்சி வகுப்புகளின் திரைகளில் வண்ண வட்டமாகப் பலமுறை பார்த்திருக்கிறேன். என் பேத்தியும் கல்லூரியிலிருந்து இதையே குறிப்பெடுத்து வந்திருக்கிறாள். நாற்பதாண்டுக் காலம் தமிழ் கற்பித்தவன் என்ற முறையில் இதற்கு மறுப்பு எழுத வேண்டியிருக்கிறது.

உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் பிறருடன் சேர்ந்து 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளை இணைத்துப் பெறப்பட்டவை இந்த எண்கள். அந்த ஆய்வுகளில் உரையாடல் என்று எதுவும் இல்லை. தனிச் சொற்களை வெவ்வேறு தொனிகளில் ஒலிக்கச் செய்தார்கள். அவற்றுள் ஒன்றில், 'இருக்கலாம்' என்று பொருள்படும் ஒரே ஆங்கிலச் சொல்லை முகங்களின் நிழற்படங்களோடு சேர்த்துக் காட்டி, பேசுபவருக்கு இருப்பது விருப்பா வெறுப்பா என்று ஊகிக்கச் சொன்னார்கள். 'எனக்கென்ன கோபம்?' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்பவரின் சொல்லை நாம் நம்புவதில்லை அல்லவா, ஏறக்குறைய அந்த அளவில் நிற்பதுதான் அதன் முடிவு. உணர்வுகளையும் விருப்பு வெறுப்புகளையும் பற்றிய பேச்சுக்கு அப்பால் இந்தச் சமன்பாடு பொருந்தாது என்று மெஹ்ராபியனே பின்னர் விளக்கிவிட்டார். 'நாளை காலை 10 மணிக்குச் சான்றிதழ் நகல்கள் இரண்டுடன் வாருங்கள்' என்பதில் எந்தப் பகுதியை முகத்தில் படிப்பது?

முகமே தெரியாத இடத்தில் சொல் பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கொடிய சான்று உண்டு. 1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினுக்குரிய கேனரித் தீவுகளில் ஒன்றான தெனரீஃபில், பனிமூட்டம் சூழ்ந்த ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தனர். ஒரு விமானத்திலிருந்து வானொலியில் வந்த வாசகம், 'புறப்படும் இடத்தில் இருக்கிறோம்' என்றும் 'புறப்பட்டுக்கொண்டிருக்கிறோம்' என்றும் இருபொருள் படும்படி அமைந்திருந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரம் 'ஓகே' என்று தொடங்கி, காத்திருக்குமாறு சொன்னது. அதே நொடியில் மற்ற விமானமும் பேசியதால் அந்தப் பிற்பகுதி இரைச்சலில் தெளிவிழந்தது. விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், 'டேக் ஆஃப்' என்ற சொல்லை உண்மையான புறப்பாட்டு அனுமதியின்போதோ அதை ரத்துசெய்யும்போதோ அன்றி ஆளலாகாது என்ற கட்டுப்பாடு அதன் பின்னர் வலுப்பெற்றது. முக்கியக் கட்டளைகளைக் கேட்டவர் திருப்பிச் சொல்லிக் காட்டும் வழக்கமும் இறுக்கமாக்கப்பட்டது.

இதனால் சொல் மட்டும் போதும் என்று நான் வாதிடுவதாகக் கொள்ள வேண்டாம். 'குறிப்பறிதல்' என்ற ஒரே தலைப்பில் பொருட்பாலில் ஒன்றும் காமத்துப்பாலில் ஒன்றுமாக இரண்டு அதிகாரங்கள் வைத்த வள்ளுவரைப் படித்தவர்கள் நாம். அவர் 'சொல்வன்மை'க்கும் ஓர் அதிகாரம் ஒதுக்கினார்; இரண்டுக்கும் விழுக்காடு போடவில்லை.

உண்மையில் பேச்சு எவ்வாறு இயங்குகிறது என்பதற்குப் பள்ளி இலக்கணத்திலேயே நல்ல விளக்கம் இருக்கிறது. நன்னூல் விடையை எட்டு வகையாகப் பிரிக்கிறது. சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் நேரடி விடைகள். மற்ற ஐந்தும் குறிப்பால் விடையாகின்றவை. 'விளையாட வரவில்லையா?' என்ற வினாவுக்குக் 'கால் வலிக்கிறது' என்பது, தனக்கு நேர்ந்ததைச் சொல்லி விடையளிக்கும் உற்றது உரைத்தல். 'வரவில்லை' என்ற சொல் அதில் எங்கும் இல்லை. எதிரில் இருப்பவன் என் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறான் என்ற நம்பிக்கையில் கேட்பவரே அதை நிரப்பிக்கொள்கிறார். பால் கிரைஸ் என்ற மெய்யியலாளர் 1975இல் அச்சான தம் கட்டுரையில் விரித்துரைத்த ஒத்துழைப்புக் கோட்பாட்டின் அடிப்படையும் இந்த நம்பிக்கைதான். ஆக, பேச்சில் பாதி வேலை கேட்பவருடையது. அவர் நிரப்பிக்கொள்வது சில வேளைகளில் பிசகும். 12 மொழிகளின் அன்றாட உரையாடல்களை ஒப்பிட்டு 2015இல் வெளியான ஓர் ஆய்வு, 'என்ன?', 'யார்?', 'எந்தச் சாவி?' என்பன போன்ற மறுகேள்விகள் சராசரியாக ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை எழுவதாகக் கண்டது. பேச்சு தடம் புரளாமல் போவதற்கு இந்தச் சிறு கேள்விகளே காரணம்.

நம் வகுப்பறைகளில் அவற்றுக்கு மரியாதை இல்லை. 'ஐயா, புரியவில்லை, இன்னொருமுறை சொல்லுங்கள்' என்றவனை 'கவனம் எங்கே?' என்று அதட்டிய ஆசிரியர்களுள் நானும் ஒருவன். அப்படி வளர்ந்த பிள்ளைதான் நேர்முகத் தேர்வில் கேள்வி விளங்காமலே, நிமிர்ந்து உட்கார்ந்து, புன்னகை மாறாமல், வேறொரு கேள்விக்கு விடை சொல்லிவிட்டு வருகிறான்.

மேற்கண்ட கணக்குக்குத் தங்கள் பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு வேண்டுகிறேன். அடுத்த கட்டுரையில் கைகுலுக்கலுக்கு ஒதுக்கிய இடத்தில் பாதியையாவது, கேள்வி தெளிவாக இல்லையென்றால் அதைத் தயங்காமல் திரும்பக் கேட்கும் முறைக்கு ஒதுக்கினால் நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் இளைஞர்களுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
தஞ்சாவூர்.