முடியாத ஆட்டங்களைப் பற்றித் தொடர்ந்து எழுதும் மகளுக்கு

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் நலம் அறிய ஆவல். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டுகளைப் பற்றி மாதம் இருமுறை பத்தி எழுதத் தொடங்கியிருக்கிறாய் என்றும், ஆனால் ஆண்டுக்கணக்கில் எழுதும் அளவுக்கு இதில் சரக்கு இருக்கிறதா என்ற தயக்கம் வந்திருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவனாக இருந்து பிறருடைய பத்திகளை வரிவரியாகப் படித்தவன் நான். நீ அனுப்பியவற்றைப் படித்த பிறகு, இந்தப் பொருளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தும் வருகிறேன். அந்த உரிமையில் என் கருத்தை விரிவாகவே சொல்கிறேன். இந்தப் பொருளுக்குத் தொடர்பத்திதான் ஏற்ற வடிவம். ஒருமுறை எழுதி முடித்துவிடும் விமரிசனம் இதற்குப் போதாது.

ஒரு திரைப்படம் திரைக்கு வந்த நாளில் அதன் வேலை முடிந்துவிடுகிறது. விமரிசகர் பார்த்ததைத்தான் பத்து ஆண்டு கழித்துப் பார்ப்பவரும் பார்க்கிறார். நீ எழுதும் உலகங்கள் அப்படி நிற்பதில்லை. 1997-இல் தொடங்கிய ‘அல்டிமா ஆன்லைன்’ இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அன்று அதைப் பற்றி எழுதியவர் கண்ட ஊர் இப்போது அங்கே இல்லை. ‘ஃபைனல் ஃபேன்டஸி 14’ 2010-இல் வெளிவந்து, ஆடியவர்களாலேயே புறக்கணிக்கப்பட்டு, 2012-இல் மூடப்பட்டு, நவோகி யோஷிதா என்பவரின் பொறுப்பில் ஏறக்குறைய அடித்தளத்திலிருந்தே மறுபடி கட்டப்பட்டு, 2013 ஆகஸ்டில் திரும்பி வந்தது. பிறகு உலகில் மிகப் பலர் ஆடும் விளையாட்டுகளுள் ஒன்றாயிற்று. 2010-இல் அதைக் குறை சொல்லி எழுதியவர் உண்மையைத்தான் எழுதினார். அடுத்து என்ன நடந்தது என்பதை எழுத அவருக்கு இடம் இருந்திருக்க வேண்டும். அந்த இடத்தைத்தான் ஆசிரியர் உனக்குக் கொடுத்திருக்கிறார்.

வாசகரைப் பற்றி ஒரு செய்தியை முதலிலேயே தீர்த்துக்கொள். லாங்கு பஜாரில் யாரிடமாவது ஆன்லைன் கேம் என்று சொன்னால், சீட்டாட்டச் செயலியில் சம்பளத்தைத் தொலைத்த ஒருவருடைய கதைதான் அவர் நினைவுக்கு வரும். அந்தக் கதைகள் பொய்யல்ல. பல குடும்பங்கள் அழிந்த பிறகுதான் தமிழ்நாட்டில் 2023-இல் சட்டம் வந்தது, 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்து நாடாளுமன்றமும் சட்டம் இயற்றியது. அந்தச் சூதாட்டம் வேறு, நீ எழுதுவது வேறு என்பதையும், 2020-இல் தடை செய்யப்பட்ட பப்ஜி போல நூறு பேர் இறங்கிச் சுட்டு அரை மணியில் முடிந்துபோகும் ஆட்டம்கூட வேறு என்பதையும் ஒரு பத்தியில் தெளிவாக எழுதிவிடு. நாம் வெளியேறிய பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் உலகம், அங்கே நம்மை நினைவில் வைத்திருக்கும் மனிதர்கள் என்ற இரண்டும்தான் வேறுபாடு. அதை எழுதிய பிறகு ஒவ்வொரு இதழிலும் மன்னிப்புக் கேட்பவளைப்போல விளக்கிக்கொண்டிருக்காதே.

இனி, எதை எழுதுவது என்பதற்கு வருகிறேன். உன் இரண்டாவது பத்தியில் புதிய அப்டேட்டில் வந்த ஆயுதங்களின் பட்டியல் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆடுகிறவர்களுக்கு அது முன்பே தெரியும். ஆடாதவர்களுக்கு அது வேண்டாம். அந்த உலகத்தில் மனிதர்கள் என்ன செய்தார்கள் என்பதை எழுது. உன் பெரியம்மா சி.எம்.சி. மருத்துவமனையில் செவிலியராக இருந்தவர், கணினி விளையாட்டை வாழ்நாளில் தொட்டதில்லை. ஆனால் 2005 செப்டம்பரில் ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’டில் பரவிய கொள்ளைநோயைப் பற்றி நான் படித்துச் சொன்னபோது, அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டார். அங்குள்ள ஒரு கோட்டையில் வரும் ஹக்கார் என்ற கடைசி எதிரி, தன்னோடு சண்டையிடுபவர்கள்மேல் ஏவும் குருதி நோய் அந்த ஒரு கோட்டைக்குள்ளேயே முடிந்திருக்க வேண்டும். வேட்டைக்காரராக ஆடியவர்கள் நோய் தொற்றிய தங்கள் வளர்ப்பு விலங்குகளை மறைத்துவிட்டு, நகரத்தில் மறுபடி வரவழைத்தபோது நோயும் கூடவே வந்துவிட்டது. கடைக்காரர்களாகவும் காவலர்களாகவும் நிரலே இயக்கிய பாத்திரங்கள் நோயைத் தாங்கிக்கொண்டு சாகாமல் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் தொற்ற வைத்தன. லெவல் குறைந்தவர்கள் தொற்றிய உடனே மாண்டார்கள். தெருக்களில் எலும்புக்கூடுகள் குவிந்தன. சிலர் மருத்துவராக நின்று முன்பின் தெரியாதவர்களைக் காப்பாற்றினார்கள். சிலர் ஊரை விட்டு ஓடினார்கள். சிலர் தெரிந்தே நோயைச் சுமந்து கூட்டத்துக்குள் புகுந்தார்கள். நிறுவனம் அறிவித்த தனிமைப்படுத்தல் பலிக்காமல், கடைசியில் சர்வர்களையே மீட்டமைக்க வேண்டியதாயிற்று. 2007-இல் எரிக் லோஃப்கிரனும் நீனா ஃபெஃபர்மனும் இதைத் தொற்றுநோய் ஆய்வுக்குரிய நிகழ்வாகக் கருதி ‘லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்’ ஆய்விதழில் எழுதினார்கள். பெரியம்மா கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “வைத்தியம் பார்த்தவங்களுக்கும் தொத்திக்கிச்சா?” தொற்றியது. அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் வகையில் உன் பத்தி அமைந்தால் போதும். வேலூரில் அதைப் படிக்காத வீடு இருக்காது என்று நம்புகிறேன்.

தொடர்ந்து கவனிப்பவருக்கு மட்டுமே கைவரும் செய்தி ஒன்றுண்டு. அதற்கு ‘ஈவ் ஆன்லைன்’ நல்ல சான்று. ஐஸ்லாந்து நிறுவனம் ஒன்று 2003-இல் தொடங்கிய அந்த விண்வெளி உலகத்தில் 2014 சனவரி 27 அன்று மூண்ட போர் இருபத்தோரு மணி நேரம் நடந்தது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் கலந்துகொண்டார்கள். டைட்டன் எனப்படும் மாபெரும் கப்பல்கள் 75 அழிந்தன. சர்வர் தாங்க வேண்டும் என்பதற்காக அந்தப் பகுதியில் காலத்தையே பத்தில் ஒரு பங்கு வேகத்துக்குக் குறைத்தார்கள். மூன்று லட்சம் டாலர் மதிப்புள்ள கப்பல்கள் அழிந்தன என்பதுதான் செய்தித்தாள்களில் தலைப்பாக வந்தது. அந்தப் போர் மூண்டதற்குக் காரணம், ஒரு கூட்டணி தன் தளம் இருந்த பகுதிக்குக் கட்ட வேண்டிய தொகை உரிய நேரத்தில் கட்டப்படாமல் போனதுதான். அந்த ஒரு தவறினால் உரிமை நழுவிவிட்டது, எதிரணி உள்ளே புகுந்தது. அந்தக் கூட்டணிகளுக்கிடையே முந்தைய மாதங்களில் வளர்ந்த பகையை அறிந்திருந்தவர்களுக்குத்தான் அந்த இரவின் பொருள் விளங்கியது. வெளியிலிருந்து வரும் நிருபர் டாலரைத்தான் எண்ணுவார். நீ உள்ளே இருப்பவள், பகை எப்படி மூண்டது என்று எழுது. அங்கே ஆடுபவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் குழு ஒன்று 2008 முதல் நிறுவனத்தோடு பேசி வருகிறது என்பதே தனியாக ஒரு பத்திக்குரிய பொருள்.

பொருளாதாரத்தைப் பற்றி நீ தயங்க வேண்டியதில்லை. எட்வர்டு காஸ்ட்ரோனோவா என்ற பொருளியலாளர் 2001-இல் ‘எவர்குவெஸ்ட்’ உலகத்தின் தலைவருமானத்தைக் கணக்கிட்டு, அது ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடையில் நிற்கிறது என்று எழுதினார். வெனிசுவேலாவில் பணவீக்கம் நாட்டின் நாணயத்தைத் தின்றுவிட்ட ஆண்டுகளில், ‘ரூன்ஸ்கேப்’ உலகத்தில் தங்கம் சேர்த்து விற்றுக் குடும்பத்துக்குச் சோறு போட்டவர்கள் உண்டு. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் எண்ணிக்கைக் கூலிக்குத் தோல் தைக்கும் பெண்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு நாளில் எத்தனை மணி நேரம், எவ்வளவு கிடைத்தது, இடையில் இருப்பவர் எவ்வளவு எடுத்துக்கொண்டார் என்று எழுதினால் அவர்களே மற்றதைப் புரிந்துகொள்வார்கள்.

வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவுக்கு உன்னைச் சிறு வயதில் அழைத்துப்போயிருக்கிறேன். கூத்தில் கட்டியக்காரன் நிற்கும் இடம்தான் உனக்குரிய இடம் என்று நினைக்கிறேன். அவன் அரசனோடு அவையில் நிற்பவன். அதே மூச்சில் திரும்பி, பாயில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கு அரசன் சொன்னதை அவள் பேச்சிலேயே எடுத்துச் சொல்பவன். கூத்தை விட்டு அவன் வெளியே வருவதில்லை, ஊரையும் அவன் மறப்பதில்லை. வி.ஐ.டி. விடுதியில் இரவு முழுவதும் ரெய்டு எனப்படும் கூட்டுத் தாக்குதல் ஆடும் மாணவன் உன் பத்தியில் ஒரு தகவல் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவான். அவனுடைய தாய் ஒரு சொல் புரியாவிட்டாலும் இதழை மூடிவிடுவாள். இருவருக்கும் ஒரே வாக்கியத்தில் எழுத முடியும். கில்டு என்றால் சேர்ந்து ஆடுபவர்களின் சங்கம் என்று முதல்முறை வரும்போது அரை வரியில் சொல்லிவிட்டு மேலே போய்விடு.

தந்தை என்ற முறையில் எனக்கு மிகவும் நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். நார்வே நாட்டில் மட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞர் தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்து, 2014 நவம்பரில் தமது 25-ஆம் வயதில் இறந்தார். மகன் நண்பர்கள் இல்லாமல், காதல் அறியாமல், யாருக்கும் பயன்படாமல் தனிமையில் கழிந்துவிட்டானே என்று பெற்றோர் வருந்தினார்கள். அவர் எழுதிவந்த வலைப்பூவில் இறப்புச் செய்தியைப் போட்டபோது, வார்கிராஃப்ட் உலகத்தில் அவரை இபெலின் என்ற பெயரில் அறிந்தவர்களிடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின: என் துயரத்தைக் கேட்டவர், என் மகனோடு என்னைப் பேச வைத்தவர், என்னோடு ஆண்டுக்கணக்கில் நடந்தவர் என்று. அவருடைய கில்டைச் சேர்ந்த சிலர் வேறு நாடுகளிலிருந்து இறுதிச் சடங்குக்கு வந்து நின்றார்கள். தன் மகனை அந்தத் தந்தை அப்போதுதான் முழுமையாக அறிந்தார். அதைப் படித்த இரவு நான் வெகுநேரம் உறங்கவில்லை. எங்கள் வயதுக்காரர்களுக்கு இதை எழுது, கயல். கண்ணீரைக் கூட்டாமல், நடந்ததை நடந்த வரிசையில் எழுது. அதே அக்கறையோடு மறுபக்கத்தையும் எழுது. விளையாட்டை நிறுத்த முடியாமல் கட்டுப்பாட்டை இழப்பதை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்து, அது 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. சீன அரசு 2021-இல் சிறுவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் இரவு எட்டு முதல் ஒன்பது வரை என்று நேரம் வரையறுத்தது. இரண்டையும் ஒரே கை எழுத வேண்டும்; ஒன்றை எழுதுபவர் மற்றதை மறைத்தால் தாய்மார்கள் நம்ப மாட்டார்கள்.

நிறுவனங்களோடு பழகும்போது கவனமாக இரு. முன்கூட்டியே ஆடிப்பார்க்க இலவசமாகக் கொடுத்தால், வாங்கியதைப் பத்தியிலேயே சொல்லிவிடு. ஆடுபவர் ஒருவரைப் பற்றி எழுதும்போது, அவர் சம்மதம் இல்லாமல் இயற்பெயரை எழுதாதே. அங்கே அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது, அது போதும். இரண்டு பத்திகள் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். நான் பார்த்த வரையில் நின்றுபோன பத்திகள் பெரும்பாலும் சரக்குத் தீர்ந்து நின்றவையல்ல, ஒரு காய்ச்சலில் தவணை தவறி நின்றவை.

அடுத்த இதழுக்கு என்ன எழுதுவது என்று கேட்டிருந்தாய். மூடப்பட்ட உலகங்களைப் பற்றி எழுது. ‘ஸ்டார் வார்ஸ் கேலக்சீஸ்’ 2011 டிசம்பர் 15 அன்றும், ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ 2012 நவம்பர் 30 அன்றும் நிறுத்தப்பட்டன. பிறகு சிட்டி ஆஃப் ஹீரோஸை ஆடியவர்களே தங்கள் சர்வர்களில் மீண்டும் ஓடவிட்டு, 2024 சனவரியில் உரிமை வைத்திருந்த நிறுவனத்திடமிருந்தே முறைப்படி அனுமதி வாங்கினார்கள். மூடப்பட்டதற்கும் மீண்டும் ஓடியதற்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த நகரத்தின் தெருக்களும், அங்கே நடந்த கல்யாணங்களும், யார் யாரோடு நின்றார்கள் என்பதும் பெரும்பாலும் அவர்களுடைய குறிப்புகளிலும் நினைவுகளிலும்தான் இருந்தன. உனக்குத் தெரிந்த உலகம் ஒன்று மூடப்படும் அறிவிப்பு வந்தால், கடைசி நாளில் உள்ளே போய் இரு. பேசப்பட்டதையும், நின்றவர்களின் பெயர்களையும் தேதியிட்டு எழுதி வை. 1978-இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷாவும் ரிச்சர்டு பார்ட்டிலும் உருவாக்கிய, இவற்றுக்கெல்லாம் முன்னோடியான ‘மட்’ உலகத்தில் படமே கிடையாது, எழுத்து மட்டும்தான். ஆகவே எழுத்தால் ஓர் உலகத்தைக் காட்ட முடியுமா என்ற ஐயம் உனக்கு வேண்டாம்.

எழுதியதைக் காகிதத்தில் அச்சிட்டு, வரிகளுக்கிடையே நல்ல இடைவெளி விட்டு எனக்கு அனுப்பு. திரையில் பார்த்தால் ஒற்று விடுபட்டது என் கண்ணுக்குத் தெரிவதில்லை. வார்கிராஃப்டை ஓரிடத்தில் வார்க்ராப்ட் என்றும் ஓரிடத்தில் வார்கிராப்ட் என்றும் எழுதியிருக்கிறாய். பெயர்களுக்கெல்லாம் ஒரே எழுத்துமுறையை வைத்து ஒரு பட்டியல் போட்டு அதையும் சேர்த்து அனுப்பிவிடு. திருத்தி மறுதபாலிலேயே திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா