உள்ளங்காலைத் திருப்பிப் பார்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் என் எலி மிளகின் புண்பட்ட காலைக் கழுவி மருந்து கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. மறுநாளும் அதே கதை. ஓய்வு பெற்றால் நேரம் கொட்டிக் கிடக்கும் என்றார்கள், யார் சொன்னது என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

வகுப்பில் அலமாரிக்குப் பின்னால் எலி ஓடியதற்கு மேசை மேல் ஏறி நின்று கத்தியவன் நீ. இன்று பேத்திக்காக இரண்டு எலிக்குட்டிகள் வாங்கியிருக்கிறாய், ஒன்று உன் தோளை விட்டு இறங்குவதே இல்லை என்று பெருமை வேறு! சிரித்து முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. ஒன்றாக வாங்காமல் இரண்டாக வாங்கினாயே, அது நல்ல காரியம். தனி எலி வாடிப்போகும்.

சரி, நீ அனுப்பிய படத்துக்கு வருகிறேன். மூன்று அடுக்குக் கூண்டு, நல்ல உயரம், காற்றோட்டமும் இருக்கிறது. ஆனால் அடுக்குகள் எல்லாம் கம்பி வலை. அடித்தட்டில் பைன் மரச்சீவல். "வாசனை கமகமவென்று இருக்கிறது" என்று வேறு எழுதியிருக்கிறாய். எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்த வரிதான்.

முதலில் மிளகின் கதையைச் சொல்கிறேன். கம்பியைப் பற்றி நான் பேசினால், "உன் கூண்டில் ஒரு கம்பிகூட இல்லையே, உன் எலிக்கு ஏன் கால் புண் வந்தது?" என்று நீ கேட்பாய். கேட்க வேண்டிய கேள்விதான்.

என் கூண்டில் அடுக்குக்கு அடுக்கு ஃபிளீஸ் என்கிற மெத்தென்ற செயற்கை இழைத் துணி விரித்திருந்தேன். பார்க்க மெத்தை மாதிரி இருக்கும். மிளகுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது, எடை 700 கிராம். ஆண் எலிக்கு இது அதிகம். கொழுகொழு என்று இருக்கிறதே என்று நானும் ரசித்துக்கொண்டே தின்னக் கொடுத்தேன். ஒருநாள் துணியில் சின்னச் சின்ன ரத்தப் பொட்டு. மூக்கிலிருந்து வருகிற சிவப்பு நீராக இருக்கும் என்று நினைத்தேன். எலிகளுக்குக் கண்ணிலும் மூக்கிலும் அப்படி ஒரு சிவப்புக் கசிவு உண்டு, அது ரத்தமில்லை. ஆனால் மூக்கு சுத்தமாக இருந்தது. தூக்கித் திருப்பிப் பார்த்தால் வலது பின்னங்காலின் குதிப்பகுதியில் ஒரு வீக்கம், நடுவில் கருத்த பொருக்கு. பெயருக்கேற்ற மாதிரி மிளகளவு.

இதற்குப் பம்பிள்ஃபுட் என்று பெயர். நம் கால் ஆணி போலத் தொடங்கி ஆறாத புண்ணாக முடிகிற சமாச்சாரம். எலி உட்காரும்போது உடம்பின் பாரம் பெரும்பாலும் பின்னங்குதியில்தான் இறங்குகிறது. கூடுதல் எடையும் கடினமான தரையும் சேர்ந்தால் அந்த இடத்தில் தோல் காய்த்துப்போகும். கீழே ஈரமும் இருந்தால் காய்த்த தோல் ஊறி வெடிக்கும். வெடித்த இடத்தில் தோலில் சாதாரணமாகவே குடியிருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி உள்ளே போய்விடும். கவனிக்காமல் விட்டால் எலும்பு வரைக்கும் போகும்.

என் தப்பு ஈரம். ஃபிளீஸ் துணி சிறுநீரைக் குடித்துவிடும் என்று நினைத்திருந்தேன். அது குடிக்காது, கீழே கடத்திவிடும். கீழே உறிஞ்சுகிற மாதிரி ஒன்று இருந்தால்தான் மேற்பரப்பு காயும். நான் நேராகப் பிளாஸ்டிக் தட்டின் மேல் விரித்திருந்தேன். போதாததற்குத் துணி மென்மையாக்கும் திரவம் போட்டுத் துவைத்தேன். அது படிந்தால் துணி கடத்துவதையும் நிறுத்திவிடும். ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் மாற்றினேன். மிளகோ வயதாகி, மேலே ஏறச் சோம்பல்பட்டு, தான் சிறுநீர் கழிக்கும் மூலையிலேயே படுத்துத் தூங்கியது. கம்பியே இல்லாத கூண்டில் கால் புண்ணானது இப்படித்தான்.

அதனால் கம்பி நல்லது என்று எடுத்துக்கொள்ளாதே. அதில் விரலும் நகமும் மாட்டும். ஓட்டத்தில் மாட்டினால் நகம் பிய்ந்து வரும், சில சமயம் காலே முறியும். அடுக்கின் மேல் லினோலியத் துண்டோ பிளாஸ்டிக் விரிப்போ வெட்டிப் போடு. கெட்டி அட்டையும் போதும், கடித்துத் தள்ளும், போகட்டும், நனைந்த அன்றைக்கே எடுத்துவிடு. ஏறுகிற சாய்தளத்தையும் மறக்காமல் மூடு. ஓடும் சக்கரம் வாங்குவதாக எழுதியிருக்கிறாய். கம்பிச் சக்கரம் வேண்டாம், வாலும் காலும் சிக்கும். ஓடும் பரப்பு மூடியதாக, குறுக்களவு 30 செ.மீ.க்குக் குறையாததாகப் பார். அதைவிடச் சின்னது என்றால் முதுகு வளையும்.

இப்போது அந்தக் கமகம. பைன், சீடார் சீவலின் வாசனை அந்த மரத்தின் எண்ணெயிலிருந்து ஆவியாகி வருவது. மூச்சுக்குழாயை எரிக்கும், ஈரலுக்கும் வேலை வைக்கும். பெரும்பாலான வளர்ப்பு எலிகளின் நுரையீரலில் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி ஏற்கெனவே ஒண்டிக்கொண்டிருக்கும். காற்று கெட்டால் அது தலைதூக்கும். சூளையில் நன்றாக உலர்த்திய பைனில் இந்த ஆவி வெகுவாகக் குறைந்துவிடும், அதைச் சிலர் போடுகிறார்கள். சீடார் எந்த நிலையிலும் வேண்டாம். ஆஸ்பென் மரச்சீவல், காகிதக் கூழில் செய்த படுக்கை, ஹெம்ப் என்ற நார்ச்செடியின் தூசி எடுத்த தண்டுத் துணுக்கு, இவற்றில் எது கிடைத்தாலும் சரி. எனக்குப் பிடித்தது துண்டு துண்டாக வெட்டிய அட்டை. தூசியே இல்லை. ஒரு கைப்பிடி எடுத்து வெயில் விழும் இடத்தில் மேலிருந்து உதிர்த்துப் பார்; புகை மாதிரி தூசி எழும்பினால் அந்தப் பை உனக்கு வேண்டாம். மரத்தூள் எப்போதும் அப்படித்தான். நனைந்தால் கட்டியாகும் பூனை மணலையும் தொடாதே. கூடு கட்ட என்று விற்கும் பஞ்சும் கூடாது, இழை காலில் சுற்றிக்கொள்ளும், விழுங்கினால் குடலை அடைக்கும்.

இழை என்றதும் இன்னொன்று. எலி படுக்கக் கூண்டுக்குள் பூத்துவாலையைத் தூளியாகக் கட்டாதே. அதன் கண்ணிகளில் நகம் மாட்டும். பஞ்சு என்று பெயர் வைத்த என் வெள்ளை எலி ஒருமுறை தூளியின் ஓரத்தில் பிரிந்த நூலில் விரலைச் சுற்றிக்கொண்டு, எடுப்பதற்குள் விரல் ஊதா நிறமாகிவிட்டது. கத்தரியை வைத்து நூலை வெட்டும்போது என் கை நடுங்கிய நடுக்கம் அதற்குத்தான் தெரியும். இப்போது வாரம் ஒருமுறை தூளிகளின் ஓரத்தைத் தடவிப் பார்த்து நூலை நறுக்கிவிடுகிறேன். கூண்டுக் கதவைச் சாத்தும்போதும் பார்த்துச் சாத்து. குட்டிகள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும், விரல் நசுங்கும்.

படுக்கையை முழுதாக அள்ளிக் கொட்டிப் புதிதாகப் போட்டால் எலிக்குத் தன் மணம் போய்விட்டது என்று பதற்றம், உடனே எல்லா இடத்திலும் சிறுநீர் தெளித்து அடையாளம் போடும். அதனால் ஈரமான மூலையைத் தினமும் எடு, மற்றதை வாரத்துக்கொருமுறை மாற்று, பழையதில் ஒரு பிடியை மிச்சம் வை. மூலையில் ஒரு தட்டில் தட்டையான கல் ஒன்றை வைத்துப் பார், பல எலிகள் அதன் மேல்தான் சிறுநீர் கழிக்கும். ஏன் என்று என்னைக் கேட்காதே. மூக்கைத் தட்டருகே கொண்டுபோய் முகர்ந்து பார். உனக்கே நெடி ஏறினால், நாளெல்லாம் அதிலேயே மூக்கை வைத்திருக்கும் எலிக்கு எப்படி இருக்கும்?

காலைப் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. கையில் பிடித்துத் திருப்பினால் நெளியும், நீயும் பயப்படுவாய், பழைய பயம் எங்கே போகும்! ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவில் விட்டுத் தூக்கிக் கீழிருந்து பார். நாலு பாதமும் தெரியும். அப்படியே தராசில் வைத்து எடையும் குறித்துக்கொள். இளஞ்சிவப்பாக, மெத்தென்று இருந்தால் நிம்மதி. குதியில் பளபளப்பான சிவப்புத் திட்டோ, காய்ப்போ, ஒரு கால் மட்டும் உப்பலாகவோ இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போ. எலி வலியைக் காட்டிக்கொள்ளாது, நொண்டும் வரை காத்திருந்தால் நான் பட்ட பாடுதான்.

கட்டியை மட்டும் பிதுக்கிவிடாதே. உள்ளே சீழ் உருண்டையாக இருக்காது, ரத்தம்தான் கொட்டும். எங்கள் மருத்துவர் கிருமிக்கொல்லியும் வலி மருந்தும் கொடுத்தார். வெதுவெதுப்பான உப்பு நீரில் கழுவி ஒற்றி உலர்த்தச் சொன்னார். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டும் கூடாது, புது தோலையும் அரித்துவிடும். நம் களிம்புகளையும் அவரைக் கேட்காமல் தடவக்கூடாது, எப்படியும் நக்கித் தின்றுவிடும். அறுத்து எடுக்கலாமா என்று கேட்டேன். பாதத்தில் சதையே இல்லை, தைத்தால் நிற்காது என்றார்.

இரண்டு மாதம் ஆயிற்று. இப்போது தட்டில் அட்டைத் துண்டு நாலு விரற்கடை ஆழத்துக்குக் கிடக்கிறது, அதன் மேல் தாழ்வாக ஒரு தூளி. மிளகு 640 கிராமுக்கு வந்துவிட்டது, என்னிடம் பேச்சுவார்த்தை இல்லாத கோபத்தில். பொருக்கு சுருங்கி மல்லி விதையில் பாதி அளவுக்கு நிற்கிறது. பின்னங்கால் கொஞ்சம் இழுக்கிறது, அது வயசு. முழுதாக ஆறுமா என்று தெரியவில்லை.

நீ அடுத்த முறை எழுதும்போது அந்த எட்டுப் பாதங்களையும் கீழிருந்து படமெடுத்து அனுப்பு.

உன் பழைய பக்கத்து இருக்கைக்காரன்

பி.கு.: இரண்டும் பெண் என்று எழுதியிருக்கிறாயே, விற்றவர் சொன்னதா, நீயே பார்த்ததா? ஒன்று ஆணாக இருந்தால், ஐந்தாறு வாரத்திலேயே இவை சினைபிடிக்கத் தயாராகிவிடும். அப்புறம் குட்டி போட மூன்று வாரம்தான். நாளைக்கே பார்.